பெரியபாளையம் வட்டாரச் செங்கல் சூளைகள்: முன்பணமும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணி ஆற்றங்கரையில் உள்ள பெரியபாளையம், பவானி அம்மன் கோயிலால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட ஊர். ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் ஆகியவற்றோடு சேர்ந்து சென்னைக்குச் செங்கல் தரும் வட்டாரமும் அதுவே. ஆரணி, கொசஸ்தலை ஆறுகள் படியவிட்ட வண்டல்மண்ணும் நகரத்தின் அருகாமையும் ‘சேம்பர்’ எனப்படும் சூளைகளை இங்கே பெருக்கின. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொடங்கும் வேலை, கோடை முடியும்வரை நீளும். கல் அறுப்பவர்களில் உள்ளூர் இருளர் குடும்பங்கள் உண்டு. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருவோர் ஏராளம். தொழிலாளரைக் காக்க இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அரசு ஒவ்வொருவரையும் அவரவர் பதிவூரில் வைத்தே அறிகிறது. பிழைப்போ ஆண்டில் பாதியை வேறு மாநிலத்தில் கழிக்கவைக்கிறது. இந்த இடைவெளியில்தான் கொத்தடிமை முறை உயிரோடிருக்கிறது.

வேலைக்கான ஏற்பாடு சூளைக்கு வெகுதொலைவில் தொடங்குகிறது. புதுநெல் உண்ணும் நுவாகாய் பண்டிகையை ஒட்டி, ‘சர்தார்’ எனப்படும் முகவர்கள் ஒடிசாவின் கிராமங்களில் முன்பணம் கொடுக்கிறார்கள். மானாவாரி நிலத்தில் ஒருபோகம் முடிந்தால் அங்கே வேலை இல்லை. வைத்தியம், கல்யாணம், பழைய கடன் என்று கை நெருக்கும் அந்நாளில் வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ தராத தொகையை முகவர் தருகிறார். வரப்போகும் ஆறு மாத உழைப்பே அதற்கு ஈடு. கூலி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில். மனைவி மண் குழைக்க, கணவன் அச்சில் அறுக்க, பிள்ளைகள் பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்க, எல்லார் உழைப்பும் ஆணின் பெயரில் ஒரே கணக்காக ஏறுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தனிக்கூலி என்ற ஒன்று ஏட்டிலேயே இல்லை. வாரந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும்; மீதி, முன்பணம் கழிந்தபின் பருவ முடிவில்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் வேலை நின்றால் கடன் கழிவதும் நிற்கிறது. கணக்கேடு மேஸ்திரியிடம் இருக்கிறது. எழுத்தறியாத குடும்பம் அதைச் சரிபார்க்க வழியில்லை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இந்தச் சூழ்ச்சியை நன்றாகவே புரிந்துகொண்டு எழுதப்பட்டது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பை அது ரத்து செய்கிறது. கடன் அப்படிப்பட்டதல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கொடுத்தவர் மீதே வைக்கிறது. மாவட்டத்திலும் உட்கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடியா தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். மனம் வைத்தால் நிர்வாகத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. சிக்கல் அதன்பின் வருகிறது. 2016இல் திருத்தியமைக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று உயர்த்தியது. ஆனால் உடனடி உதவி நீங்கலான தொகையைக் குற்றத்தீர்ப்போடு இணைத்தது. முகாந்திரம் இருந்தால் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம் என்ற விலக்கு உண்டு; அதைப் பயன்படுத்துவது மாவட்ட ஆட்சியரின் அக்கறையைப் பொறுத்தது. வழக்கு திருவள்ளூரில், சாட்சி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பலாங்கீரில். அடுத்த நுவாகாய் தீர்ப்புக்கு முன்பே வந்துவிடும், சர்தாரும் வந்துவிடுவார். 2030க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்பதாக ஒன்றிய அரசு 2016இல் இலக்கு வைத்தது. 1978 முதல் மறுவாழ்வு பெற்றதாக அரசு காட்டும் எண்ணிக்கையோ ஏறத்தாழ 3 லட்சம்தான்.

முன்பணத்தை அவர்களே விரும்பி வாங்குகிறார்கள், ஊரில் கிடைப்பதைவிட இங்கே கூலி அதிகம், இதை அடிமைத்தனம் என்பது மிகை என்பது சூளை உரிமையாளர் தரப்பின் வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது: முன்பணம் வாங்கிய எல்லாரும் கொத்தடிமைகள் அல்லர், கணக்கு முடித்து மிச்சத்தோடு ஊர் திரும்புவோரும் உண்டு. கேட்க வேண்டியது, இடையில் வேலையை விட்டுப் போக முடியுமா என்பது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைப்பது பசியின் நிர்ப்பந்தத்தால்தான் என்றும், அது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்றும் கூறியது. விருப்பம் என்ற சொல்லுக்குள் பசியைப் புதைத்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பாகிஸ்தான் சூளைகளில் ‘பேஷ்கி’ என்னும் முன்பணமும் தொழிலாளரை இப்படியேதான் கட்டிப்போடுகிறது. 1992இல் அங்கும் ஒழிப்புச் சட்டம் வந்தது. நேபாளம் 2000இல் ‘கமையா’ என்னும் கொத்தடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற பலர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வறுமை ஒடிசாவில் பிறக்கிறது, தமிழ்நாடு என்ன செய்யும் என்ற கேள்வியும் எழும். ஊரக வேலை உறுதித் திட்டம் அங்கே ஒழுங்காக நடந்து, கூலி தாமதமின்றிக் கிடைத்தால் முகவரின் பிடி தளரும் என்பது சரியே. ஆனால் அந்த உழைப்பில் எழும் கட்டடங்கள் சென்னையில் நிற்கின்றன. உரிமைகள் எல்லை தாண்ட முடியும் என்பதற்கு முன்மாதிரிகளும் உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியா பாடநூல்களோடு பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. சூளைத் தொழிலாளருக்காக 2012இல் ஒடிசாவும் அன்றைய ஆந்திரமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்திருக்கிறது: 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து புலம்பெயர் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியது. சூளைக்கு ஆள் வந்த வாரத்திலேயே முன்பணத்தைப் பதிவு செய்வது, பெண்ணின் பெயரில் தனிக் கணக்கு தொடங்குவது, பலாங்கீரிலிருந்தே காணொளி வழியாகச் சாட்சி சொல்ல வைப்பது ஆகிய எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கண்காணிப்புக் குழு தவறாமல் கூடினாலே இவற்றைத் தொடங்கிவிடலாம்.