வெள்ளை வெள்ளையாக இருந்ததா?

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பழைய கம்ப்யூட்டர் திரை ஒன்று இருக்கிறது. கனத்த கண்ணாடிப் படக்குழாய் கொண்டது. சென்ற ஆண்டு அதன் வலது மூலையில் பச்சைத் திட்டு ஒன்று தோன்றியது. “குழாய் போயிடுச்சு சார்” என்றான் ஒரு மாணவன். பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கியை அகற்றிவிட்டு, திரையின் காந்தநீக்கப் பொத்தானை அழுத்தினோம். திட்டு மறைந்துவிட்டது. ஒலிபெருக்கியின் காந்தம் எலெக்ட்ரான் கற்றையை வளைத்து, சிவப்புப் புள்ளியில் விழ வேண்டியதைப் பச்சைப் புள்ளியில் விழச் செய்திருந்தது, அவ்வளவுதான்.

“குழாய் போயிடுச்சு” என்ற அதே தீர்ப்பை நான் சிறுவனாக இருந்தபோதும் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லுமுன், அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் படம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் சென்னையின் அலைகள் தென்மாவட்டங்களை எட்டவில்லை. எங்களுக்கு அருகில் இருந்தது இலங்கை! 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் வசதி படைத்தவர்கள் நெடிய இரும்புக் குழாய்களை நட்டு, உச்சியில் ஏரியலைத் தென்கிழக்கு நோக்கிக் கட்டினார்கள். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்தான். கடலுக்கு அப்பாலிருந்து வண்ணம் சில மாதங்கள் முந்திக்கொண்டது.

ஆனால் அந்தப் படம் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இராது. ஒரு மாலை பளிச்சென்று தெரியும். மறுநாள் மாலை வெறும் புள்ளிமழை. ஏன்? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கோபுரம் நிற்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த அலையின் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். காற்று அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதும் இந்த எண்ணில் அடக்கம். ரூபவாஹினியின் அலைகள் புறப்பட்ட பிதுருதலாகல சிகரம் 2,524 மீட்டர். கணக்கு 207 கி.மீ. என்று சொல்கிறது. தூத்துக்குடியோ அங்கிருந்து சுமார் 350 கி.மீ.! அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் ஊருக்கு எப்படிப் படம் வந்தது?

கடல்தான் காரணம். கடற்பரப்பை ஒட்டிய காற்று ஈரமாகவும், அதன் மேலுள்ள காற்று உலர்ந்து வெப்பமாகவும் இருக்கும்போது, அலை வழக்கத்தைவிட அதிகமாக வளைந்து பூமியின் வளைவோடு சேர்ந்தே ஓடும். காற்று கலங்கி அடுக்கு குலைந்தால் படமும் குலையும். ஆக, பழுது பெட்டியிலும் இல்லை, அனுப்புகிறவரிடமும் இல்லை. வழியில் இருந்தது.

1984ல் நாடெங்கும் குறைதிறன் ஒளிபரப்பிகள் பெருகின. ஆனால் அவற்றின் வீச்சு ஊரையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பி கொடைக்கானலில் வந்ததும் நிலைமை மாறியது. பழனி மலையின் மேல் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: 189 கி.மீ. மதுரை ஏறத்தாழ 78, திருச்சி 146, திருநெல்வேலி 168, தூத்துக்குடி 175. எல்லாம் வட்டத்துக்குள்! தென்கிழக்கே பார்த்த ஏரியல்கள் வடமேற்கே திரும்பின. (மலையின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த ஊர்களுக்கு மட்டும் விளக்கடி இருட்டுதான்.)

இதே மலைக்குத்தான் 1899ல் சூரிய ஆய்வகம் வந்தது. சமவெளியின் கலங்கிய காற்றில் சூரியனின் பிம்பம் நடுங்குகிறது என்பதால் வானியலார் மேலே ஏறினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஏறியதோ கீழே உள்ள ஊர்களை எட்டுவதற்காக. இருவருக்கும் வழக்கு காற்றோடும் அடிவானத்தோடும்தான்.

இனி என் வீட்டுக் கதை. விளாத்திகுளம் பக்கம் எங்கள் கிராமம். கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் 145 கி.மீ. இருக்கும். 1990களில் அப்பா ஒரு வண்ணத் தொலைக்காட்சி வாங்கினார். மாடியில் அவர் ஏரியலைத் திருப்புவார், கீழேயிருந்து நான், “வருதுப்பா... ஐயோ, போச்சுப்பா!” என்று கத்துவேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நிறம் வருவதும் போவதுமாக இருந்தது. பின்பு போயே போய்விட்டது. கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் தெரிந்தது. வந்து பார்த்த மெக்கானிக், குழாயை மாற்ற வேண்டும் என்றார். பருத்தி விற்ற பணம் அதற்குப் போயிற்று. புதுக் குழாயிலும் நிறம் வரவில்லை! கடைசியில் மின்வேலை தெரிந்த என் மாமா மாடி ஏறிப் பார்த்தார். ஏரியலில் ஒயர் சேருமிடம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. சுரண்டி முறுக்கிக் கட்டினார். நிறம் வந்துவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய ‘பால்’ முறையை ஜெர்மனியின் வால்டர் புரூக் 1963ல் செய்து காட்டினார். அதில் வண்ணச் செய்தி 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையின் மேல் ஏறி, படச்செய்தியின் மேல் விளிம்பில் வருகிறது. அலை வலுவிழந்தால் முதலில் கெடுவது அதுதான். அதைப் பெட்டி உணர்ந்ததும், அதிலுள்ள ஒரு மின்சுற்று வண்ணத்தையே அடைத்துவிடும். தாறுமாறான நிறத்தைவிட நல்ல கறுப்பு வெள்ளை மேல் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். அந்த எண்ணம் சரியென்றே எனக்கும் படுகிறது.

குழாயைச் சோதிக்க ஒரு கருவியும் தேவைப்பட்டிருக்காது. வண்ணக் குழாயில் வெள்ளைப் புள்ளி என்று தனியாக இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அளவோடு ஒளிர்ந்தால்தான் வெள்ளை. மூன்றில் ஒரு கற்றை செத்திருந்தாலும் கறுப்பு வெள்ளைப் படமே மஞ்சளாகவோ ஊதாவாகவோ நீலப்பச்சையாகவோ தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுத் திரையில் செய்தி வாசிப்பவரின் சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தச் சட்டை மூன்று கற்றைகளுக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தூர்தர்ஷனின் அந்தப் பழைய அலைமுறை ஒளிபரப்பு 2022க்குள் நாட்டில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. களிம்பேறிய அந்த ஒயர்த்துண்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு அலைகள் பாடம் நடத்தும் நாளில் அதை மேசைமேல் வைக்கிறேன்.