மராமத்தா, மாற்றுப் பாலமா? திருச்சியின் இரண்டு ஆற்றுப் பாலங்கள்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம்; எந்தப் பக்கம் போனாலும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். பாலம் இல்லாத காலத்தின் மிச்சமாக, திருச்சிக் கரையில் சிந்தாமணியை ஒட்டி ‘ஓடத்துறை’ என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் காவிரியில் பாலம் கட்டினர். கொள்ளிடத்து இரும்புப் பாலம் 1928இல் வந்தது. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் இன்றைய காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. இந்த இரண்டு பாலங்களையும் மேம்படுத்தியபோது எதை முன்னால் செய்தார்கள், எதைப் பின்னால் செய்தார்கள் என்பதை ஒப்பிட்டால் சில செய்திகள் தெளிவாகின்றன.

சுமார் 540 மீட்டர் நீளமுள்ள காவிரிப் பாலத்தின் தீராத நோய், தளங்களுக்கு நடுவே விடப்பட்ட விரிவு இடைவெளி. வெயிலில் கான்கிரீட் நீள்கிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது. அதற்கு இடம் கொடுக்கும் ‘எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்’ தேய்ந்துவிட்டால் பேருந்து ஒவ்வொரு கண்ணைக் கடக்கும்போதும் ‘தடக்’கென்று குலுங்கும். குலுக்கல் சிறிய தொல்லைதான். விளிம்பு உடைந்து, மழைநீர் அந்த இடுக்கில் இறங்கி, தளத்தைத் தாங்கும் பேரிங்கை அரிப்பதுதான் ஆபத்து. மேலே தார் ஊற்றி மூடினால் நிற்காது. அசையும் இடத்தில் போட்ட ஒட்டு வெடிக்கத்தான் செய்யும்.

ஜாயிண்டையும் பேரிங்கையும் மாற்ற வேண்டுமானால் தளத்தையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. ஆகவே 2022 செப்டம்பரில் கனரக வாகனங்களும் நவம்பரில் பேருந்து, கார்களும் நிறுத்தப்பட்டன. சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 2023 ஜனவரி 2ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறந்தபோதும் இந்த வாகனங்களுக்குப் பாலம் மூடித்தான் கிடந்தது. மார்ச்சில்தான் போக்குவரத்து மீண்டது. ஊர் விழாக்களையும் கணக்கில் கொண்ட திட்டம் இப்படி அமைந்திருக்குமா என்பது ஐயமே.

கொள்ளிடத்தில் வரிசை வேறு. பழைய பாலம் நின்றிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டி, 2016இல் திறந்தார்கள். யாருடைய பயணமும் தடைபடவில்லை. சரியான வரிசை இதுவே என்பேன். கோளாறு அதன் பிறகுதான். ஓய்வுபெற்ற பாலம் ஆற்றுக்குள்ளேயே நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய, தளத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதே மாதம் ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தூணைச் சுற்றிச் சுழலும் வெள்ளம் அடிமணலைத் தோண்டும். ஏற்கெனவே மணல் குறைந்த ஆற்றில் அந்தக் குழி அடித்தளத்தை எளிதில் எட்டிவிடும். மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

காவிரியிலும் இப்போது மாற்றுப் பாலம்தான் தீர்வு என்று முடிவாகி, பழையதன் அருகிலேயே ரூ.106 கோடியில் இன்னொன்று எழுகிறது. மராமத்துக்கு முன்பே இது வந்திருந்தால் மக்களின் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சமாகியிருக்கும். போகட்டும். புதியது திறந்த பின் 1976ஆம் ஆண்டுப் பாலத்தை என்ன செய்வது என்பதை நெடுஞ்சாலைத் துறை இப்போதே எழுத்தில் வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வடிந்ததும் தூணடியை அளப்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.