டி.பி. ரோட்டு மாடிகளில் அனிமேஷன்

கோவை ஆர்.எஸ்.புரத்துக்கு அனிமேஷன் படிப்பு ஓவியப் பள்ளி வழியாக வரவில்லை, கம்ப்யூட்டர் சென்டர் வழியாக வந்தது. இங்கே படித்து, இங்கேயே சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த வரலாற்றில் பெரிதாகத் தெரிவது அதுதான்.

கோவை சினிமாவுக்குப் பழைய ஊர். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இங்கே பிறந்தவர். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார், 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அடுத்து 1935இல் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, 1945இல் புலியகுளம் பக்கம் பட்சிராஜா வந்தன. செட்டுக்குப் பின்திரை வரையவும் பேனர் எழுதவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசானிடம் பிரஷ் கழுவிக் கொடுத்துத் தொழில் பழகியவர்கள். ஸ்டுடியோக்கள் ஓய்ந்த பிறகும் பேனர் பட்டறைகள் நின்றன. அந்தக் கைகளுக்கு ஊர் ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

முறையாக வரையப் படிக்க ஆசைப்பட்டவர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டியிருந்தது. போக முடியாதவர்கள் டிராயிங் லோயர், ஹையர் பரீட்சை எழுதினார்கள்.

அனிமேஷன் அப்போது பம்பாய்ச் சரக்கு. டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் 1956இல் அங்கிருந்த ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ஒரு சிறு குழுவைப் பழக்கினார். சென்னையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ராம் மோகன் அதை விட்டுவிட்டு அந்தக் குழுவில் சேர்ந்தார். 1989இல் 'ராஜா சின்ன ரோஜா' படப் பாட்டில் ரஜினியோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகள் அவருடைய கைவண்ணம். என் வயதுக் கோவைப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுத்தான் முதல் பாடம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலும் அதை ஒட்டிய வீதிகளிலும் மாடிக்கு மாடி மல்டிமீடியா போர்டுகள் ஏறின. 2000இல் வந்த சென்னை பென்டாமீடியாவின் 'பாண்டவாஸ்' தேசிய விருது வாங்கியதும் பெற்றோருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் சேர்ந்த இடத்தில் முதல் நாளே ஃபோட்டோஷாப், பிறகு ஃபிளாஷ், பிறகு 3டி மேக்ஸ், மாயா. பென்சிலையே யாரும் கேட்கவில்லை. படித்து முடித்து வெளியே வந்தவர்களுக்கு எந்த மெனு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு ஆளை நடக்க வைக்கத் தெரியாது.

நடை சாதாரண விஷயமில்லை. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படங்களில் இரண்டு எட்டு முடியும். துளையிட்ட தாளை பெக் பாரில் மாட்டி, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேல் வைத்து வரைவோம். குதிகால் தரையில் படும்போது கால்கள் அகல விரிந்திருக்கும். அடுத்த படத்தில் எடை முன்காலில் இறங்க வேண்டும். முட்டி மடங்கும், இடுப்பு தாழும். அந்தத் தாழ்வை விட்டுவிட்டால் ஆள் மிதப்பான். மாயாவில் செய்தாலும் அதே கதைதான்.

இதைக் கற்க வேண்டிய இடமெல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் இடுப்பைப் பார்த்தால் போதும். வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பதப்படுத்திய காட்டு மாட்டின் முன்னால் நின்று அதன் தோள் திமில் எங்கே எழும்புகிறது என்று நான் வரைந்து பழகியிருக்கிறேன். அந்த எலும்பமைப்பு புரிந்த பிறகுதான் என் மாடுகளுக்குக் கனம் வந்தது.

இன்று மாதிரியை உருவாக்கவும் இடைப்படங்களை நிரப்பவும் மென்பொருளே முன்வருகிறது. நடை சரியா, தவறா என்று பார்க்கும் கண் மட்டும் படிக்கிறவரிடம்தான் இருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு என் வகுப்பில் முதல் ஆறு மாதம் ஒதுக்குகிறேன், கம்ப்யூட்டரைத் திறக்காமலேயே.

"ஏனுங்க, இதைப் படிச்சா வேலை கெடைக்குங்களா?" என்று பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் வரும் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டணம் அவர்களுடைய ஒரு போகத்து வரும்படி. "பையனோட நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்பேன். கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன். கணக்கு வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் வரைந்ததெல்லாம் அங்கேதான் இருக்கும்.