கோட்டமும் மாவட்டமும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோபுரமும் பட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அக்கோயில்களுக்கு நெல் அளந்ததும், தறியில் அமர்ந்தோருக்குச் சோறிட்டதும் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறமேயாகும். அந்நாட்டுப்புறம் எத்தகைய நிலம், அதனை ஆண்டவர் எவ்வெவ்வாறு ஆண்டனர் என்பனவற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இது கிழக்கு நோக்கி மெல்லச் சாயும் சமவெளி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் ஒன்று கூடுகின்றன. மூன்று ஆறுகள் கூடியும் ஆண்டின் பெரும்பகுதியில் நாம் அங்குக் காண்பது மணலையே. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழையைத் தேக்கினாலன்றி இங்கே பயிரில்லை. ஆகவே முன்னோர் நிலத்தின் சரிவை மறித்துக் கரை எழுப்பினர், மதகு வைத்தனர், மிகுந்த நீர் வழியக் கலங்கல் அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊரின் ஏரிக்குச் செல்லும். மேலுள்ள ஏரி உடைந்தால் கீழுள்ள ஏரிகளுக்கும் ஆபத்து. தன் கிணற்றை ஒருவன் தனியே காத்துக்கொள்ளலாம். ஏரியை அவ்வாறு காத்தல் இயலாது. இந்நாட்டின் ஆட்சி முறைக்கு வித்து இதுவே என்பது என் கருத்து.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் வகுக்கப்பட்டிருந்ததாக மரபு கூறும். காஞ்சி எயிற்கோட்டத்தைச் சார்ந்தது. உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது. பல்லவர் போய்ச் சோழர் வந்தனர். இராசராசன் காலத்தில் மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. கோட்டமும் நாடும் மட்டும் பழைய பெயர்களோடே நிலைத்தன.

முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த விதிகளைப் பலரும் புகழக் கேட்டிருப்பீர்கள். குடும்பு என்னும் முப்பது பகுதிகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, சபையறியப் படிக்க வேண்டும். விரல்களை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாமன்றோ! மனிதரை நன்கு அறிந்தவர்களே இவ்விதியை வகுத்திருக்க வேண்டும். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். அவ்வூரின் வைரமேகத் தடாகத்தில் ஆண்டுதோறும் தூர் வாரப் பொன் வைத்தவர்களும் உண்டு.

இதனை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் கல்வெட்டை முழுதும் படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டியவனாகவும், வேதம் கற்றவனாகவும் இருத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இஃது அந்தணர் சபை. பெண்களுக்கும், நிலமற்ற உழவர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை.

பின்னர் வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி இந்நாட்டை ஆங்கிலக் கும்பெனிக்கு ஜாகீராக அளித்தார். செங்கற்பட்டு ஜாகீர் என்னும் பெயர் அதனால் வந்தது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சியை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. முன்பு பல்லவரும் சளுக்கரும் பொருத களமும் அவ்வூரே. வெற்றி எவருடையதாயினும் அழிந்தவை ஊர்கள். குடிகள் ஓடினர், ஏரிகள் தூர்ந்தன.

போருக்கு முன், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பார்னார்டு என்பவர் இந்த ஜாகீரை ஊர் ஊராக அளந்திருந்தார். களத்து நெல்லில் கோயிலுக்கும், கணக்குப்பிள்ளைக்கும், தலையாரிக்கும், தச்சனுக்கும், குயவனுக்கும், மதகைத் திறந்து மூடும் ஊழியனுக்கும் இத்தனை பங்கு என்பது அக்கால ஊர்க் கணக்குகளில் காணப்படுகிறது. போருக்குப் பின் 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை மதுராந்தகம் ஏரியைச் சீர்ப்படுத்தினார். புயலிரவில் இராமலக்குமணர் கரையில் நின்று காத்ததை அவர் கண்டதாக ஊரார் கதை கூறுவர். கதையை நம்புவது அவரவர் விருப்பம். கரை நின்றது உண்மை. ஆனால் ஏரி பெருகினால் நிலவரியும் பெருகும் என்பதையும் துரை அறியாதவரல்லர்.

மதகைக் காத்த ஊழியனுக்கோ அம்மதகு பாய்ச்சிய வயலில் உரிமை இல்லை. தரிசு நிலத்தில் மிராசுதாரருக்கே முதல் உரிமை. உழவன் குடியிருந்த மனையும் அவர்களுடையதே. எதிர்த்துப் பேசினால் குடிசையும் போய்விடும். இதனைக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891–92இல் ஓர் அறிக்கையாக எழுதி அரசாங்கத்தின் முன் வைத்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை 1892இல் பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் பல பிற்காலத்தில் பிறர் கைக்கு மாறின. அவற்றை மீட்கக் கோரிய கிளர்ச்சியில் 1994ஆம் ஆண்டு காரணை என்னும் ஊரின்பொருட்டு இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

மாவட்டத்தின் தலைமையிடமோ ஓரிடத்தில் நிலைக்கவில்லை. கருங்குழியிலும் காஞ்சியிலும் இருந்து, 1859இல் சைதாப்பேட்டைக்குச் சென்று, 1968இல் மீண்டும் காஞ்சிக்கு வந்தது. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். பிறப்பால் வந்த அதிகாரம் போனது பெரிய மாறுதல். 1997இல் திருவள்ளூரும், 2019 நவம்பரில் செங்கற்பட்டும் தனி மாவட்டங்களாயின. எஞ்சிய காஞ்சிபுரம் மாவட்டத்தில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்தரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என ஐந்து வட்டங்கள் உள்ளன.

மதுராந்தகம் ஏரி இப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. உத்தரமேரூர் ஏரி காஞ்சியோடு நின்றது. குன்றத்தூர் வட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் சென்னை மாநகரத்தின் குடிநீராகச் செல்கிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் அவ்வேரி நிறைந்து மதகுகள் திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்தது. எந்த மணிக்கு எவ்வளவு நீர் திறக்கப்பட்டது, யார் ஆணையிட்டார் என்ற கணக்கையே மக்கள் அப்போது கேட்டனர்.