ஒற்றைப் பாதையில் ஓர் இரும்புக் குண்டு: ரயில்வே டோக்கனின் வரலாறு

வங்கி, மருத்துவமனை, ரேஷன் கடை, கோயில் அன்னதானம் என நாம் கால்வைக்கும் இடமெல்லாம் டோக்கன் உண்டு. பெரும்பாலும் அது வரிசையில் நம் இடத்தைக் காக்கிறது. தொலைத்தால் சற்று நேரம் வீணாகும், அவ்வளவுதான். ரயில்வேயின் ஒற்றைப் பாதையில் டோக்கன் காத்தது உயிரை. அது கைக்கோலாகத் தொடங்கி உலோகக் குண்டாக மாறிய கதையில், பெரிய திருத்தங்கள் பல விபத்துக்குப் பிறகே வந்தன.

ஒரே தண்டவாளத்தில் இரு திசை ரயில்களும் ஓடும்போது, இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேக்கள் இதற்கு முதலில் கண்ட வழி எளிமையானது: ஒரு பகுதிக்கு ஒரே ஒரு கோல், அது கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே உள்ளே நுழையலாம். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் போக வேண்டுமென்றால் கோல் மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். முதல் ரயிலுக்குக் கோலைக் காட்டி எழுத்துச் சீட்டு கொடுத்து அனுப்பும் முறை வந்த பின்னும், போக்குவரத்து குழம்பும் நாளில் கோலை யாராவது சுமந்துபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

தந்தி வந்ததும் கோலே வேண்டாமென்று சிலருக்குத் தோன்றியது. இங்கிலாந்தில் நார்விச்–யார்மத் பாதை 1844இலேயே தந்தியை நம்பி ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1874 செப்டம்பர் 10 இரவு, அதே பாதையில் தார்ப் அருகே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தனர். நார்விச் நிலைய அதிகாரி, எதிரிலிருந்து வரும் மெயிலை அனுப்பச் சொல்லி வாய்மொழியாகக் கூறியதை, அவர் கையெழுத்திடும் முன்பே தந்தி எழுத்தர் அனுப்பிவிட்டார். அதிகாரியோ தாமதமாக வந்த எக்ஸ்பிரஸை இந்தப் பக்கமிருந்து புறப்பட விட்டார். தந்தியை ரத்துசெய்ய முயன்றபோது, மெயில் கிளம்பிவிட்டது என்ற பதில்தான் வந்தது. தந்தி தன் வேலையைச் சரியாகவே செய்தது. இரண்டு மனிதர்களின் சொல்லுக்கு நடுவே பூட்டு எதுவும் இல்லாததே குறை.

அந்தப் பூட்டைச் செய்தவர் எட்வர்ட் டயர். 1878இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில், இரு நிலையங்களிலும் உலோக வில்லைகள் பல அடுக்கப்பட்டிருக்கும். கம்பி வழியே மறுமுனையின் ஒப்புதல் வந்தால்தான் ஒரு வில்லை வெளிவரும். அது ஏதாவது ஒரு முனையில் திரும்பச் செருகப்படும்வரை அடுத்தது வராது. கோலின் உறுதியும் தந்தியின் வேகமும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தன. டோக்கன் வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு இல்லை என்பேன்.

இருந்தும் ஓடும் ரயிலிலிருந்து வில்லையைக் கையால் வாங்கிக் கொடுத்த ஊழியர்கள் அடிபட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மேன்சன் 1886இல் இதற்குத் தானியங்கி மாற்றுக் கருவி செய்தார். எல்லா ரயில்வேக்களும் தடையின்றிப் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமை பெற மறுத்தார். ரயில்வே வரலாற்று நூல்கள் அவரைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

பூட்டு சரியாக இருந்தும் மனிதர் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை வேல்ஸின் ஆபர்மியூல் காட்டியது. 1921 ஜனவரி 26 அன்று அங்கு வந்து நின்ற ரயில் ஒப்படைத்த வில்லை, கடந்துவந்த பகுதிக்கு உரியது. கைமாறிக் கைமாறி, அடுத்த பகுதிக்கான வில்லை என்று நினைத்து அதையே ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் பொறித்திருந்த பெயரை யாரும் படிக்கவில்லை. சரியான வில்லையோடு எதிரே எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. இறந்த 17 பேரில் அந்த ரயில்வேயின் இயக்குநர் ஒருவரும் இருந்தார்.

இந்தியாவில் பரவலாக வேரூன்றியது நீல் என்பவர் பெயரால் வழங்கும் கருவி. அதிலிருந்து வெளிவருவது பகுதியின் குறியீடு பொறித்த குண்டு. அதைத் தோல்பையில் இட்டு, பெரிய வளையத்தில் கட்டி, நிற்காத ரயிலுக்காக ஊழியர் நடைமேடையில் தூக்கிப் பிடிப்பார். எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு பழைய வளையத்தை எறிவார். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் இது நடக்கும். குண்டு கிடைக்காத நேரத்தில் எழுத்து அனுமதிச் சீட்டு உண்டு. இரண்டும் இல்லாமல் ரயில் நகராது. ஆபர்மியூலுக்குப் பிறகும், குறியீட்டைப் படித்துச் சரிபார்க்கும் கடைசிக் கடமை ஓட்டுநருடையதாகவே இருந்தது.

பின்னர் டோக்கன் இல்லாமலே பகுதியைக் காக்கும் கருவிகளும், ரயிலின் சக்கர அச்சுகளை எண்ணும் கருவிகளும் வந்தன. அத்தகைய டோக்கனில்லாக் கருவிகளைத் தயாரித்த இடங்களுள் கோவையை அடுத்த போத்தனூர் சிக்னல் பணிமனையும் ஒன்று. குண்டுகள் சில அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. வளையம் பிடித்துக் கொடுத்த பாயிண்ட்ஸ்மேன்களும், அதை ஓடும் எஞ்சினில் வாங்கிய உதவி ஓட்டுநர்களும் நம் ஊர்களில் ஓய்வுபெற்று வாழ்கிறார்கள். அவர்கள் உள்ளபோதே அவர்களது அனுபவங்களைக் குரல்பதிவாகத் திரட்டும் பணியை ரயில்வே அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் ஏற்க வேண்டும்.