சாக்கோ பை மேல் பச்சைப் புள்ளி எப்படி வந்தது? ஒரு கொரிய கேக்கின் சென்னைக் கதை

போன மாதம் எங்கள் நெருள் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு ஐந்தாவது பிறந்தநாள். கேக் வெட்டி, பாட்டு பாடி, தட்டு கைமாறும்போது வழக்கமான கேள்வி வந்தது. "எக்லெஸ் தானே?" இல்லை. எதிர் ஃபிளாட் குஜராத்திப் பாட்டியும், மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாமியும் தட்டை வாங்காமல் சிரித்துக்கொண்டே நின்றார்கள். குழந்தையின் அம்மா உள்ளே போய் ஒரு சாக்கோ பை பெட்டியை எடுத்துவந்தார். மாமி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பச்சைப் புள்ளி. "இது பரவாயில்லம்மா, குடு." ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மாமி கையில் இருந்த கேக்கின் மூல செய்முறையைச் சொல்லியிருந்தால், அவர் நிச்சயம் கீழே வைத்திருப்பார். சாக்கோ பையின் நடுவில் இருக்கும் வெள்ளை மார்ஷ்மல்லோ, உலகின் பெரும்பாலான நாடுகளில், பன்றி அல்லது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் செய்யப்படுவது. அது எப்படி மாட்டுங்கா மாமியின் கைக்கு வந்தது? அந்தப் பாதை சென்னை வழியாகத்தான் போகிறது.

(தமிழில் 'சாக்கோ பை' என்று எழுதினால் ஏதோ துணிப்பை மாதிரி இருக்கிறது. ஆங்கில அர்த்தத்திலும் அது 'பை' கிடையாது. இரண்டு பிஸ்கட், நடுவில் மார்ஷ்மல்லோ, மேலே சாக்லேட் பூச்சு. பெயரை விட்டுவிடுவோம்.)

சுரங்கத் தொழிலாளிகளின் பிஸ்கட்

தொடக்கம் அமெரிக்காவில். டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா பேக்கரி 1917-ல் 'மூன் பை' என்ற ஒன்றை விற்கத் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்கு நடுவே சாப்பிட, வயிறு நிறைய ஏதாவது வேண்டும் என்று கேட்டதிலிருந்து பிறந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. மலிவு, கெடாது, கையில் பிடித்துச் சாப்பிடலாம். நம்ம டீக்கடை பன்னுக்கு இருக்கிற அதே தகுதிகள்.

1970-களின் தொடக்கத்தில் தென்கொரியாவின் டோங்யாங் மிட்டாய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அமெரிக்கா போனபோது இந்த வகை இனிப்பைச் சாப்பிட்டுப் பார்த்து, ஊருக்குத் திரும்பி அதேபோல் செய்ய முயன்றார்கள். 1974-ல் 'ஓரியன் சாக்கோ பை' கடைக்கு வந்தது. போரிலிருந்து மீண்டு, தொழிற்சாலைகளால் நிரம்பிக்கொண்டிருந்த நாடு அது. சாக்லேட் என்பது பெரும்பாலோருக்கு எட்டாத பொருள். நன்றாக விற்றது.

நன்றாக விற்றால் நகல் வரும். 1979-ல் லோட்டே தன் சாக்கோ பையைக் கொண்டுவந்தது. பல வருடம் கழித்து, 1997-ல், ஓரியன் நீதிமன்றம் போனது. தோற்றது. ஓரியன் பதிவு செய்திருந்தது 'ஓரியன் சாக்கோ பை' என்ற முழுப் பெயரை. 'சாக்கோ பை' என்பது அந்த வகைப் பண்டத்துக்கே பொதுப் பெயராகிவிட்டது, யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பை ஞாபகத்தில் வையுங்கள். நாம் இந்தியாவில் 'சாக்கோ பை' என்றதும் ஓரியனை நினைக்காமல் லோட்டேவை நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

கேக் சம்பளமான ஊர்

1989-ல் ஓரியன் தன் விளம்பரங்களில் 'ஜோங்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது. தமிழில் நேர்ச் சொல் கிடையாது. பழகப் பழக வரும் ஒட்டுதல், சொல்லாமலே காட்டும் பாசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் மேஜையில் ஒரு சாக்கோ பை, காவலாளி கையில் ஒரு சாக்கோ பை என்று போனது விளம்பரம். அன்றிலிருந்து அது தின்பண்டம் என்பதைத் தாண்டி, கொடுக்கிற பொருள் ஆனது. கொரிய ராணுவத்தில் பயிற்சிக் காலத்தில் இனிப்புக்கு ஏங்கும் புது வீரர்களை இழுக்க, தேவாலயமும் பௌத்த மடமும் போட்டி போட்டு சாக்கோ பை கொடுக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஜோக். வியட்நாமில் முன்னோர் படையலிலேயே வைக்கிறார்கள்.

இந்தக் 'கொடுக்கிற பொருள்' ஒரு கட்டத்தில் அரசியலே ஆனது. 2004-ல் வடகொரியாவின் கேசாங்கில் தென்கொரிய நிறுவனங்களின் தொழிற்பேட்டை இயங்கத் தொடங்கியது. முதலாளி தெற்கு, தொழிலாளி வடக்கு. சம்பளம் டாலரில் வடகொரிய அரசிடம்தான் போகும். தொழிலாளி கையில் நேராகப் பணம் கொடுக்க முடியாது. கூடுதலாக உழைத்தவருக்கு என்ன கொடுப்பது? சாக்கோ பை கொடுத்தார்கள். தினமும், ஆளுக்குச் சில.

50,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த இடம் அது. பலர் அங்கே சாப்பிடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், விற்றார்கள். வடக்கின் கள்ளச் சந்தையில் சாக்கோ பை ஒரு நாணயம் போலப் புழங்கியது. 2014-ல் வடகொரியா 'இனி சாக்கோ பை வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள்' என்றது. அந்த ஜூலையில் தெற்கிலிருந்து சில செயற்பாட்டாளர்கள் 10,000 சாக்கோ பைகளை பலூன்களில் கட்டி எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் தொழிற்பேட்டையே மூடப்பட்டது.

ஒரு மார்ஷ்மல்லோ பிஸ்கட்டுக்கு இவ்வளவு வேலை வந்ததற்குக் காரணம், அது தனித்தனியாக உறையிட்ட, எண்ணக்கூடிய, ஒரே அளவான பண்டம். பெரிய கேக்கை வெட்டினால் யாருக்குப் பெரிய துண்டு என்ற தகராறு வரும். இதில் வராது.

பாரிஸ் மிட்டாய்க்குப் பின்னால்

இப்போது சென்னை. 'பாரிஸ்' மிட்டாய் சாப்பிடாத தமிழ்க் குழந்தைப் பருவம் அபூர்வம். 1788-ல் மதராஸில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரில்தான் இன்றும் பாரிமுனை இருக்கிறது. பாரி நிறுவனத்தின் மிட்டாய்த் தொழில் 1914-ல் கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில், சர்க்கரை ஆலை இருந்த ஊரிலேயே தொடங்கியது. லாக்டோ கிங், காஃபி பைட், கேராமில்க் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பின்னாளில் பாரி குழுமம் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது.

2004-ல் பாரிஸ் கன்ஃபெக்‌ஷனரியை லோட்டே வாங்கியது. டோக்கியோவில் 1948-ல் சூயிங்கம் விற்று வளர்ந்த, ஜப்பானுக்குப் பிழைக்கப் போன ஒரு கொரியர் ஆரம்பித்த நிறுவனம் அது. நிறுவனரின் பெயர் ஷின் கியோக்-ஹோ. கதேயின் நாவலில் வரும் சார்லட் என்ற பெண்ணின் பெயரைச் சுருக்கி 'லோட்டே' என்று வைத்தார். ஆக, ஜெர்மன் நாவல் பெயர் கொண்ட, ஜப்பானில் பிறந்த கொரிய நிறுவனம், வேல்ஸ்காரர் பெயர் தாங்கிய தமிழ்நாட்டு மிட்டாய்க் கம்பெனியை வாங்கியது. 2010-ல் சென்னையில் சாக்கோ பை ஆலை வந்தது. 2015-ல் ஹரியானாவின் ரோத்தக்கில் இரண்டாவது. 2023-ல் சென்னையில் இன்னொரு உற்பத்தி வரிசை.

மூலவரான ஓரியன், ராஜஸ்தானில் ஆலை தொடங்கி இந்தியாவுக்கு வந்தது 2021-ல்தான். அதற்குள் இங்கே நகலே அசலாகிவிட்டது.

ஜெலட்டினை எடுத்துவிட்டால்?

இனி மாமி கையில் இருந்த கேக்குக்கு வருவோம். இந்தியாவில் 2001 முதல் பாக்கெட் உணவுகளில் சைவ, அசைவக் குறி கட்டாயம். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டம். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வித்தியாசம் தெரியவேண்டும் என்பதால் இப்போது முக்கோணம். இந்திய விதிப்படி பால் சைவம், முட்டை அசைவம், ஜெலட்டின் அசைவம்.

ஜெலட்டினை எடுத்துவிடலாமே என்றால், அவ்வளவு சுலபம் இல்லை. மார்ஷ்மல்லோ என்பது சர்க்கரைப் பாகில் காற்றை அடித்து ஏற்றிய நுரை. அந்தக் குமிழிகள் உடையாமல் பிடித்து வைப்பது ஜெலட்டின். அது நம் உடல் சூட்டிலேயே இளகும்; அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது, இழுத்தால் நீள்கிறது. லோட்டே இந்தியாவுக்காக எடுத்த மாற்று, கடற்பாசியிலிருந்து வரும் தாவரப் பொருள். கடற்பாசிப் பொருட்களின் குணம் வேறு. உதாரணத்துக்கு அகர்: ஒருமுறை உறைந்தால் மறுபடி இளக 85 டிகிரி அளவு சூடு வேண்டும். இழுத்தால் நீளாது, வெட்டுப்படும். நோன்பு நாட்களில் கடல்பாசி சாப்பிட்டவர்களுக்கு அந்தத் 'துண்டாகும்' தன்மை தெரியும். ஜெலட்டினை எடுத்த இடத்தில் அதே அளவு வேறொன்றைப் போட்டால் பழைய மார்ஷ்மல்லோ வராது, செய்முறையையே மாற்றவேண்டும்.

கடற்பாசி என்றதும் நமக்கு ராமநாதபுரம் கடற்கரை ஞாபகம் வரவேண்டும். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். அகர் அதிலிருந்து வருகிறது. அந்தப் பாசிதான் உங்கள் சாக்கோ பையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'சைவ ஜெலட்டின்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு உழைப்பு இருக்கிறது.

மற்ற இரண்டு அடுக்கிலும் விஞ்ஞானம் உண்டு. ஆலையில் அந்த பிஸ்கட் முதலில் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். பாக்கெட்டுக்குள் அடைத்தபின் மார்ஷ்மல்லோவின் ஈரம் மெதுவாக அதற்குள் இறங்கி, சில நாட்களில் கேக் போல மெத்தென்றாகிறது. மேல் பூச்சு அசல் சாக்லேட் கிடையாது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். சென்னை வெயிலில் லாரியில் ஏற்றினால் போய்ச் சேரும்போது குழம்பாகியிருக்கும். அதனால் தாவரக் கொழுப்பு சேர்த்த கலவைப் பூச்சு.

பச்சைப் புள்ளி யாருக்காக?

இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. பச்சைப் புள்ளி தகவல் மட்டும் கிடையாது. மும்பையில் வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும், "வெஜ் தானே?" என்பது எவ்வளவு கனமான கேள்வி என்று. தாராவித் தமிழர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு; மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மெஸ்ஸில் வெங்காயம்கூடப் பார்த்துப் போடும் சமையல். செம்பூரில் இரண்டும் ஒரே தெருவில். இவர்கள் எல்லோரும் ஒரே ஆபீஸில், ஒரே சொசைட்டியில் சந்திக்கும்போது பொதுவில் வைக்கக்கூடிய பண்டம் எது? கட்டுப்பாடு அதிகம் உள்ளவர் சாப்பிடக்கூடியதுதான் பொதுப் பண்டம். கட்டுப்பாடு இல்லாதவர் விட்டுக்கொடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்தது யார் கண்ணிலும் படுவதில்லை. சாக்கோ பை கம்பெனி செய்ததும் அந்தக் கணக்குத்தான். முட்டையும் ஜெலட்டினும் தின்பவர், அவை இல்லாததையும் தின்பார். எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. அதனால் ஒரே செய்முறை, எல்லோருக்கும் பச்சை.

அதே சமயம், தான் என்ன தின்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை மாமிக்கு உண்டு. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், சேர்மானம் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் அது தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா வந்தது என்று தெரிவிக்கவேண்டும் என்றது. எண்களை மட்டும் போட்டுத் தப்பிக்கும் பழக்கத்துக்கு எதிரான உத்தரவு அது. கடையில் நீங்களே பார்க்க ஒரு வழி: பாக்கெட்டில் 406 என்று இருந்தால் அகர், 407 என்றால் கராஜீனன். இரண்டும் கடற்பாசி. 428 என்றால் ஜெலட்டின்.

பச்சைப் புள்ளி சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பச்சை என்றால் 'நல்லது' என்று அர்த்தமில்லை. சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கு வரிசையில் போடவேண்டும் என்பது விதி. பட்டியலின் ஆரம்பத்திலேயே மைதா, சர்க்கரை, தாவரக் கொழுப்பு என்று வந்தால், அதன் பெரும்பகுதி அதுதான். 2022 ஜனவரி முதல் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அது ஒரு ஆறுதல். கேக், பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பர்ஸுக்கு இன்னொரு ஆறுதல். உடம்புக்கு அது ஆறுதலா என்பது வேறு கணக்கு.

பிறந்தநாள் முடிந்து கிளம்பும்போது மாமி இரண்டு சாக்கோ பையை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார், பேரனுக்காம். "எங்க பண்றா இதை?" என்று கேட்டார். பெட்டியில் நிறுவனத்தின் சென்னை முகவரியைக் காட்டினேன். "அட, நம்மூரா!" என்றார். கொரியா, கேசாங் எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.