செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி ஹெட்லைட்டைப் பாருங்க!

சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷன் பக்கம் காரை பார்க் பண்ணிவிட்டு ஒரு வாரம் சென்னை போயிருக்கிறீர்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடியக்காலையில் வந்து இறங்கி, பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு சாவியைத் திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான், வேறு சத்தமே இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்து, ''பேட்டரி போச்சு தம்பி, ரெண்டாவது கியர்ல போடுங்க, தள்ளலாம்'' என்பார். நாலு பேர் சேர்ந்து தள்ளியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். ''பார்த்தீங்களா, பேட்டரிதான்!'' நீங்களும் நேராகக் கடைக்குப் போய் நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்துப் புது பேட்டரி போட்டுவிடுவீர்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் திரும்பவும் அதே 'டக்'.

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? தள்ளி ஸ்டார்ட் ஆனதை ஆதாரமாக எடுத்துக்கொண்டதில்தான். தள்ளும்போது சக்கரம்தான் கியர்பாக்ஸ் வழியாக இன்ஜினைச் சுற்றுகிறது. செல்ஃப் மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் பேட்டரி வீக்காக இருந்தாலும் வண்டி கிளம்பும், செல்ஃப் செத்துப்போயிருந்தாலும் கிளம்பும். எது ரிப்பேர் என்பதைத் தள்ளுவது சொல்லவே சொல்லாது.

'ஸ்டார்ட்டர் மோட்டார்' என்று நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். 'செல்ஃப்' என்றால் உடனே புரியும். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் காருக்கு முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு உடையும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. ஆள் சுற்றாமல் தானே சுற்றிக்கொள்வதால் அது 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'. நம்ம அம்பாசடரில் செல்ஃப் இருந்தும், அவசரத்துக்கு ஹேண்டில் போடவும் வழி வைத்திருந்தார்கள். இன்றைய கார்களில் அந்த வசதி இல்லை. அதனால்தான் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெட்லைட்டைப் போடுங்கள். எதிரே சுவர் இருந்தால் நல்லது, வெளிச்சம் தெளிவாகத் தெரியும். லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்புங்கள். காது இன்ஜின் பக்கம், கண் சுவர் மேல்.

லைட் பொசுக்கென்று மங்கி, 'டக டக டக டக' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. செல்ஃபின் மேல் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு கரன்ட்டை வாங்கி இழுக்கிறது, உடனே பேட்டரி படுத்துவிடுவதால் விட்டுவிடுகிறது, கொஞ்சம் தேறியதும் திரும்ப இழுக்கிறது. அந்த இழுபறிதான் டகடக.

லைட் பளிச்சென்று அப்படியே இருக்க, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகத்தைச் செல்ஃப் பக்கம் திருப்புங்கள். சோலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சோலினாய்டின் செம்பு கான்டாக்ட் கருகியிருக்கலாம். 'ஙொய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பென்டிக்ஸ், அதாவது இன்ஜினின் பல்சக்கரத்தைப் போய்ப் பிடிக்க வேண்டிய சின்னச் சக்கரம், பிடிக்கவில்லை. 'கரகர' என்று இரும்பு உரசினால் பல் தேய்ந்திருக்கிறது. அப்போது திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், செலவு கூடும்.

சத்தமே இல்லை, லைட்டும் நன்றாக எரிகிறது என்றால் கோளாறு இரண்டிலும் இல்லாமல் போகலாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் 'பி' அல்லது 'என்'-ல் இருக்கிறதா பாருங்கள். நிறைய மேனுவல் கார்களில் கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். மீட்டரில் சாவிப் படம் மின்னுகிறதா? காருக்குச் சாவி அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டுக்குள் இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்தாலும் இதே கதைதான். ரிமோட்டையே பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் பல கார்கள் எடுத்துவிடும்.

இங்கே ஒரு குழப்பமும் இருக்கு. லைட் மங்கினால் நூறு சதவிகிதம் பேட்டரி என்று அடித்துச் சொல்ல முடியாது. செல்ஃப் உள்ளே இறுகிப்போயிருந்தால் அது கரன்ட்டை அளவுக்கு மீறி உறிஞ்சும், நல்ல பேட்டரியே தடுமாறும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலும் கரன்ட் பாயாது. அதனால் பானெட்டைத் திறந்ததும் முதலில் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் டைட் செய்யுங்கள். பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஐம்பது பைசா செலவில் தீரும் பிரச்னைக்கு ஐயாயிரம் போவது இந்த இடத்தில்தான் அதிகம்.

சந்தேகம் தீரவில்லையா? தள்ளாதீர்கள், ஜம்ப் கேபிள் போடுங்கள். ஜம்ப் செய்யும்போது உங்கள் செல்ஃப்தான் சுற்றியாக வேண்டும், கரன்ட் மட்டும்தான் கடன். சிவப்பு கிளிப்பை முதலில் உங்கள் பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு உதவிக்கு வந்த காரின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு கிளிப்பை அந்தக் காரின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, மறுமுனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள், பேட்டரியிலிருந்து தள்ளியே. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிப்போனால் டைனமோவும் ஈசிஎம்மும் காலி, அதனால் இரண்டு முறை பாருங்கள். அந்தக் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சாவியைத் திருப்பினால் பதில் வந்துவிடும். உடனே எடுத்தால் உங்கள் பேட்டரி அல்லது டெர்மினல். கிளிப் நன்றாகப் பிடித்திருந்தும் அதே 'டக்' என்றால் செல்ஃப்.

மெக்கானிக்குகளின் இன்னொரு பழைய வித்தை, செல்ஃபை ஸ்பேனரால் லேசாகத் தட்டுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் நகர்ந்து மறுபடி தொட்டுக்கொள்ளும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி, இன்னொருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் தட்டும்போது வண்டி எடுத்தால் சந்தேகமே வேண்டாம், செல்ஃப்தான். ஆனால் அது அன்றைக்கு வீடு போய்ச் சேரத்தான் உதவும்.

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்தால் வாதமே வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற காரில், பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. அடிக்கும்போதும் 12-ஐ விட்டு இறங்காமல் நின்றால் செல்ஃப் கரன்ட்டை எடுக்கவே இல்லை. வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் டைனமோ நன்றாகச் சார்ஜ் ஏற்றுகிறது. இது குறைவாக இருந்தால் எத்தனை புது பேட்டரி போட்டாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். டைனமோவைப் பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்து டெக்னிக் அது. இன்றைய காரில் செய்தால் வோல்டேஜ் எகிறி எலெக்ட்ரானிக்ஸ் அடிபடும். விடவே விடாதீர்கள்.

யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் குளிர்காலத்தில் பேட்டரி சாகும் என்கின்றன. சேலத்தில் வில்லன் சித்திரை வெயில்தான். சூடு ஏற ஏற பேட்டரிக்குள் தகடு அரிப்பது வேகமாகும், தண்ணீரும் வற்றும். சமவெளியில் வெயில் பாதி கொன்றுவிட்ட பேட்டரி, ஏற்காட்டில் இருபது ஹேர்பின் வளைவு ஏறி ராத்திரி தங்கும்போதுதான் குட்டு உடையும். காலைக் குளிரில் பேட்டரியின் பலம் குறையும், கெட்டியான இன்ஜின் ஆயிலைச் சுற்ற கூடுதல் பலம் வேண்டும். அங்கே இறக்கம் இருக்கிறதே என்று வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். மலைச்சாலையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால் மலைக்கோ வெளியூருக்கோ போகும் முன் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், நிமிட வேலை. மாற்றுவது என்று முடிவானால் ஒன்றைக் கவனியுங்கள். சிக்னலில் தானே நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார் என்றால், அதற்கென்றே உள்ள பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணமானது சீக்கிரம் படுத்துவிடும்.

செல்ஃப்தான் என்றால் உடனே புதுசு வாங்க வேண்டும் என்பதில்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் கழற்றி பிரஷ், புஷ், சோலினாய்டு எது போயிருக்கிறதோ அதை மட்டும் மாற்றித் தருவார். ஆர்மேச்சர் கருகியிருந்தால்தான் பெரிய செலவு. மாற்றிய பழைய பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பேட்டரியை மாற்றினால், பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிடும், குப்பையில் போடக் கூடாது. பழைய பேட்டரிக்கான பணம் பில்லில் கழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.